பளியர் இல்லாத கண்காட்சி

வட ஐரோப்பாவின் தொல்குடியான சாமி மக்களின் தற்காலக் கலை இன்று உலகின் பெரிய கலைக்கூடங்களின் நடுமண்டபத்துக்கு வந்துவிட்டது. 2022இல் வெனிஸ் பியன்னாலேயில் நார்டிக் நாடுகளின் அரங்கு முழுவதும் சாமி அரங்காக மாறியது. பவுலீனா ஃபியோடொரோஃப், மாரெட் ஆன்னே சாரா, ஆண்டர்ஸ் சுன்னா ஆகிய மூவர் அதை நிறைத்தார்கள். 2025இல் லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தின் மாபெரும் டர்பைன் கூடம் சாராவின் கைக்கு வந்தது. நம் நாட்டிலிருந்து ஜன்கட் சிங் ஷியாமின் கோண்டு ஓவியங்களும் ஜிவ்யா சோமா மாஷேயின் வார்லி ஓவியங்களும் 1989இலேயே பாரிஸின் பொம்பிடு மையத்துக்குப் போய்விட்டன. தொல்குடிக் கலை ஊர் ஊராகப் பயணப்படுவது இனி புதுச்செய்தி இல்லை. அந்தப் பயணத்தில் யாருக்கு இடம் கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை என்பதைத்தான் இனி கேட்க வேண்டும்.

இந்தக் கேள்வியை ராஜபாளையத்திலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டு ஊர்களுக்கும் மேற்கே மலை. மலையடிவாரத்தில் அய்யனார் கோயில், செண்பகத்தோப்பு, அத்திகோயில், சதுரகிரிக்கு ஏறும் தாணிப்பாறை என்று பளியர் குடியிருப்புகள். தேன், காட்டுவள்ளிக் கிழங்கு, கடுக்காய், நெல்லி, குங்கிலியம் என்று காட்டிலிருந்து எடுத்து வாழ்ந்த மக்கள். சந்தைக்கு வரும் மலைத்தேனை நாம் அறிவோம்; எடுத்தவரை அறியோம். இந்தியத் தொல்குடிக் கலை என்ற பெயரில் நடந்த எந்தக் கண்காட்சியிலும் பளியரின் பெயரை நான் பார்த்ததில்லை. அவர்களிடம் கலை இல்லை என்பதால் இந்த விடுபடல் நேர்ந்தது என்று நினைத்தால் தவறு. கண்காட்சி என்ற வடிவமே சில வகைக் கலைகளை மட்டும் காணும்படி அமைந்திருக்கிறது என்பது என் கருத்து.

தொல்குடிகள் முதலில் பயணக் கண்காட்சிக்குப் போனது கலைஞர்களாக அல்ல, காட்சிப்பொருளாக. 1822இல் லண்டனின் எகிப்தியன் ஹாலில் வில்லியம் புல்லக் ஒரு சாமிக் குடும்பத்தையும் கலைமான்களையும் காசு வாங்கிக்கொண்டு காட்டினார். 1875இல் ஹாம்பர்க் விலங்கு வணிகர் கார்ல் ஹாகன்பெக், கலைமான்களோடு சாமிக் குடும்பங்களையும் வரவழைத்துத் தம் வளாகத்தில் குடியமர்த்தி, பிறகு பெர்லின், லைப்சிக் என்று கொண்டுபோனார். அந்த வியாபாரம் பெருகி, சில ஆண்டுகளில் இலங்கையிலிருந்தும் ஆட்களை ஐரோப்பாவுக்கு அழைத்துப்போகும் அளவுக்கு வளர்ந்தது. காட்டுவதோடு நிற்கவில்லை, அளக்கவும் செய்தார்கள். சுவீடனின் உப்சாலாவில் 1922இல் தொடங்கிய இனஉயிரியல் நிறுவனம், ஹெர்மன் லுண்ட்போர்க் தலைமையில் சாமி மக்களின் மண்டையோட்டை அளந்து, அவர்களை நிற்கவைத்துப் படம் பிடித்தது. நம் சென்னையில் அந்த வேலை அதற்கு முன்பே நடந்தது. 1885 முதல் எழும்பூர் அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் மூக்கின் அகலத்தையும் தலையின் நீளத்தையும் அளந்து சேர்த்தார். ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் அவர் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய ஏழு தொகுதிகளில் மதுரை, திருநெல்வேலி மலைப்பக்கத்துப் பளியரும் உண்டு. பளியர் நூலகம் ஏறியது இப்படித்தான்.

சாமி மக்கள் இந்த வரலாற்றைத் திருப்பிப் போட்ட விதம் நமக்கு முக்கியம். காத்தரீனா பிராக் சிக்கு என்ற சாமிக் கலைஞர் உப்சாலா ஆவணங்களுக்குள் போய், அளக்கப்பட்ட தம் மக்களின் படங்களோடு ஆண்டுக்கணக்கில் இருந்து, அந்த அனுபவத்தை 2014இல் உமியோ நகரில் கண்காட்சியாக வைத்தார். பிரிட்டா மராக்காட் லாப்பா வெள்ளைத் துணியில் ஊசிநூலால் சாமி மக்களின் வரலாற்றைத் தைத்தார். 2003இல் தொடங்கி நான்கு ஆண்டுகள் தைத்த அந்தத் துணியின் நீளம் ஏறத்தாழ 24 மீட்டர். 1852இல் கௌத்தொகெய்னோவில் நடந்த கிளர்ச்சியும் அதில் இருக்கிறது, கலைமான் மந்தையும் தெய்வங்களும் இருக்கின்றன. இவர் 1978இல் மாசே என்ற சிற்றூரில் கூடிய கலைஞர் குழுவைச் சேர்ந்தவர். ஆல்டா ஆற்று அணைத் திட்டத்தின் முதல் வரைவு தண்ணீருக்குள் அமிழ்த்த நினைத்த ஊர் அந்த மாசே. அணையை எதிர்த்த போராட்டமும் இந்தக் கலை இயக்கமும் ஒரே ஆண்டுகளில், ஒரே ஆட்களிடையே வளர்ந்தவை.

மாரெட் ஆன்னே சாராவின் படைப்பு இன்னும் நேரடியானது. மேய்ச்சல் நிலத்தைக் காப்பதாகச் சொல்லி, கலைமான் மந்தைகளைக் குறைக்க நார்வே அரசு சட்டம் போட்டது. சாராவின் தம்பி தம் மந்தையை 75ஆகக் குறைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அவர் வழக்குப் போட்டார். 2016இல் வழக்கு நடந்த தானா நீதிமன்றத்தின் முன்னால் சாரா 200 கலைமான் தலைகளைக் குவித்து உச்சியில் நார்வே கொடியை நட்டார். வழக்கு மேலே மேலே போனபோது படைப்பும் வளர்ந்தது. துப்பாக்கிக் குண்டு துளைத்த 400 மண்டையோடுகளைத் திரைபோலக் கோத்துத் தொங்கவிட்டார். 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தம்பிக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அந்த மண்டையோட்டுத் திரையோ தீர்ப்புக்கு முன்பே ஜெர்மனியின் காசெல் நகரத்து டாக்குமென்டா கலைக் கண்காட்சிக்குப் போய், பிறகு ஆஸ்லோ தேசிய அருங்காட்சியகம் 2022இல் புதிய கட்டடத்தைத் திறந்தபோது அங்கே தொங்கியது. நிலத்தின் வழக்கையும் கலையையும் பிரித்துவிட்டால் இந்தப் படைப்பில் மிஞ்சுவது வெறும் எலும்பு.

இவர்களுக்குப் பின்னால் அமைப்புகள் இருப்பதையும் சொல்லியாக வேண்டும். நார்வேயில் 1989 முதலும் சுவீடனில் 1993 முதலும் பின்லாந்தில் 1996 முதலும் சாமி நாடாளுமன்றங்கள் இயங்குகின்றன. பின்லாந்தின் தேசிய அருங்காட்சியகம் தன்னிடமிருந்த சாமிப் பொருள்கள் 2,200க்கும் மேற்பட்டவற்றை 2021இல் இனாரியில் உள்ள சீடா அருங்காட்சியகத்துக்குத் திருப்பிக் கொடுத்தது. ஆண்டர்ஸ் பவுல்சன் என்ற முதியவரிடமிருந்து 1691இல் பறிக்கப்பட்ட சடங்குமேளம் டென்மார்க்கிலிருந்து 2022இல் சாமி மக்களின் சொத்தாகத் திரும்பி வந்தது. பொருளை அனுப்பவும் அனுப்ப மறுக்கவும் திருப்பிக் கேட்கவும் அவர்களுக்கென்று ஒரு இடம் இருக்கிறது.

இந்தியாவின் கதை வேறு பாதையில் போனது. போபாலில் 1982 பிப்ரவரியில் பாரத் பவன் திறந்தபோது, ஓவியர் ஜே. சுவாமிநாதன் நகரக் கலையையும் ஆதிவாசிக் கலையையும் ஒரே கூரையின் கீழ், ஒரே காலத்தின் கலையாக வைத்தார். அதற்காகக் கிராமங்களுக்கு அனுப்பப்பட்ட இளைஞர்கள் பாட்டன்கட் ஊரில் சுவரில் படம் போட்டுக்கொண்டிருந்த ஜன்கட்டைக் கண்டார்கள். ஜன்கட் பர்தான் கோண்டு. பர்தான்கள் பாணா என்ற நரம்பிசைக் கருவியோடு கோண்டு வீடுகளில் கதை பாடிப் பரிசில் பெற்ற பாணர் மரபினர். புரவலர்கள் நொடித்துப் பாட்டு நலிந்த காலத்தில், பாட்டுக்குள் இருந்த தெய்வங்களும் விலங்குகளும் காகிதத்துக்கு வந்தன. இன்று நாம் கோண்டு ஓவியம் என்று சொல்வது காகிதத்தில் நாற்பது ஆண்டு வயதுடையது. அதனால் அது பொய்யாகிவிடாது. கேட்போருக்கு முன்னால் கதை சொல்லிப் பழகிய ஒரு கூட்டம், தன் கதைக்கு வேறொரு வாயில் கண்டுபிடித்தது.

ஆனால் விலையும் கொடுத்தது. ஜப்பானின் நீகாட்டாவில் உள்ள மிதிலா அருங்காட்சியகத்தில் தங்கிப் படம் வரையப் போன ஜன்கட், 2001 ஜூலையில் அங்கேயே உயிரை மாய்த்துக்கொண்டார். அவருக்கு வயது நாற்பதுகூட ஆகவில்லை. தனியாக அனுப்பப்பட்ட ஒரு மலைக்கிராமத்து மனிதரின் கூலி, பயண ஏற்பாடு, வீடு திரும்பும் நாள் இவையெல்லாம் யார் கையில் இருந்தன என்ற கேள்வி அன்று நாடெங்கும் எழுந்தது. பயணக் கண்காட்சி பற்றிப் பேசும் எவரும் அந்தச் சாவைத் தாண்டிப் போகக் கூடாது என்றே நினைக்கிறேன்.

அதன் பிறகும் பயணங்கள் நடந்தன, நல்ல பயணங்களும் உண்டு. ஜன்கட்டின் உறவினர் பஜ்ஜு ஷியாம் லண்டன் உணவகம் ஒன்றின் சுவரில் படம் வரையப் போய்வந்த அனுபவத்தைச் சென்னையின் தாரா புக்ஸ் 2004இல் புத்தகமாக்கியது. லண்டனைக் கோண்டு கண்ணால் பார்த்த புத்தகம் அது. பார்க்கப்படுகிறவர் பார்க்கிறவராக மாறினார். அமெரிக்க நகரங்களைச் சுற்றிவந்த ஒரு பெரிய கண்காட்சி, இந்தியத் தொல்குடிச் சமூகங்களின் கலை என்ற அறிவிப்போடு 24 ஓவியர்களின் 47 படைப்புகளைக் கொண்டுபோனது. கோண்டு, வார்லி, மிதிலை, வங்கச் சுருள்படம் என்று நான்கு மரபுகள். இவற்றில் மிதிலையும் வங்கச் சுருளும் கிராம மரபுகளேயன்றிப் பழங்குடி மரபுகள் அல்ல. தென்னாட்டிலிருந்து, நம் மலைகளிலிருந்து, ஒருவரும் இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பழங்குடியினர் 7,94,697 பேர். அப்போது பட்டியலில் இருந்தவை 36 சமூகங்கள். உலகம் காணும் இந்தியத் தொல்குடிக் கலையில் இவர்கள் அநேகமாக இல்லை.

நீலகிரி ஓரளவு விலக்கு. தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் போடும் பூத்தையல் 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. கோத்தகிரிப் பக்கம் வெள்ளரிக்கொம்பையின் ஆலு குறும்பர்கள், வீட்டுச்சுவரிலும் கோயில்சுவரிலும் சடங்குநாளில் வரைந்த கோட்டுருவங்களை இப்போது காகிதத்திலும் துணியிலும் வரைகிறார்கள். வேங்கை மரப் பிசின், செம்மண், இலைச்சாறு ஆகியவைதான் நிறங்கள். ஊருக்கு மேலே எழுத்துப்பாறையில் உள்ள பழைய ஓவியங்களைத் தம் முன்னோரின் கைவேலையாக அவர்கள் கொண்டாடுகிறார்கள். சி.பி. ராமசாமி ஐயர் அறக்கட்டளை இளையவர்களுக்குப் பயிற்சி கொடுத்து இதைப் பரப்பியது. வரைகிறவர்கள் கைவிரல் விட்டு எண்ணும் அளவே என்றாலும், படமாகச் சுவரில் மாட்டக்கூடிய ஒன்று குறும்பர்களிடம் முன்பே இருந்தது. கண்காட்சியின் கண்ணுக்கு அது தெரிந்தது.

பளியரிடம் அப்படி மாட்டக்கூடியது எது? இங்கேதான் விஷயம் ஆழமாகிறது. அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர் 1960களின் தொடக்கத்தில் பளியரிடையே தங்கி ஆராய்ந்தார். அவர் கண்டது, ஒருவர் இன்னொருவருக்கு மேலே நிற்பதைக் கவனமாகத் தவிர்க்கும் வாழ்க்கை. பெரியவர் சிறியவருக்குக் கட்டளையிடுவதில்லை. போட்டி வேண்டாம். பிணக்கு வந்தால் அடிதடி இல்லை, ஒருவர் விலகிப் போய்விடுவார். காட்டைப் பற்றிய அறிவுகூட ஊர்ப்பொதுப் பாடமாக ஓதப்படாமல், ஒவ்வொருவரும் தாமே நடந்து, தொட்டு, ருசித்துச் சேர்த்துக்கொள்வது. ஆகவே ஒரே செடியைப் பற்றி இருவர் இருவிதமாகச் சொல்வார்கள், அதில் யாருக்கும் சங்கடமில்லை. பிற்காலத்தில் பழனிமலைப் பளியரை ஆராய்ந்த சுவீடன் நாட்டவர் கிறிஸ்டர் நோர்ஸ்ட்ரோம், காட்டுப்பொருள் வணிகத்துக்குள்ளும் வனத்துறை விதிகளுக்குள்ளும் அவர்கள் வழி தேடிய விதத்தை எழுதினார். இரு ஆய்வுகளையும் வைத்துப் பார்த்தால், பளியர் நாகரிகத்தின் மிகச் சிறந்த சாதனை மனிதர் மனிதரோடு பழகும் முறையில் இருக்கிறது. அதற்குச் சட்டம் போட்டு மாட்ட முடியாது.

கண்காட்சிக்கு வேண்டியது பெயர்பெற்ற ஒரு கலைஞர், பெட்டியில் அடங்கும் ஒரு பொருள். பளியரின் மரபோ, தனியொருவர் முன்னால் வந்து நிற்பதைக் கூச்சமான செயலாகக் கருதுகிறது. தேனெடுக்கக் காட்டுக்கொடியில் திரிக்கும் ஏணியை எடுத்துக்கொள்வோம். செங்குத்துப் பாறையில் ஒரு மனிதனின் உயிரைத் தாங்கும் வேலைப்பாடு அது. மேலே கொடியைக் காத்து நிற்பவர் மச்சானாக இருக்க வேண்டும் என்பது மேற்குமலைத் தேனெடுப்போர் பலரிடம் உள்ள வழக்கம்; தங்கையின் தாலியைக் காப்பவன் கயிற்றை விடமாட்டான். அந்த ஏணியைக் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்தால் காய்ந்த கொடி ஒன்று தெரியும். பாறையும் புகையும் இரவும் மச்சானும் தெரியமாட்டார்கள். நாளைக்கே யாராவது பளியர் இளைஞர்களுக்குத் தாளும் வண்ணமும் கொடுத்து, அடுத்த ஆண்டு பளியர் ஓவியம் என்று ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவரலாம். வரைய விரும்பும் பிள்ளைகள் வரையட்டும், அது அவர்கள் உரிமை. சந்தைக்காக ஒரு மரபைத் தயாரித்து, அதைத் தொன்மை என்று சொல்லி விற்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

சேமித்து வைப்பதுதான் கலைக்கு மதிப்பு என்ற எண்ணத்தை ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களிடம் சொன்னால் ஏற்கமாட்டார்கள். ஆண்டாளின் இடக்கையில் அமரும் கிளி அன்றாடம் இலையாலும் பூவாலும் புதிதாகச் செய்யப்படுவது. மாதுளம்பூவில் மூக்கு, மூங்கில் குச்சியில் கால். பரம்பரையாக ஒரு குடும்பத்தார் மணிக்கணக்கில் உட்கார்ந்து கட்டுகிறார்கள். மறுநாள் அது பிரசாதமாக யாரோ ஒரு பக்தர் கைக்குப் போய்விடும், மறுபடி புதுக்கிளி. நூற்றாண்டுகளாக வாழும் இந்தக் கைவேலையின் பழைய பிரதி என்று எதுவும் கிடையாது. அதேபோல் ஆண்டாள் சூடிய மாலை புரட்டாசியில் திருப்பதிக்கும் சித்திரையில் மதுரை அழகருக்கும் போகிறது. அனுப்புகிறவர் யார், வாங்குகிறவர் யார், எந்த நாளில் எதற்காகப் போகிறது என்பதெல்லாம் இரு பக்கமும் அறிந்த பயணம் அது. கலைப்பொருள் ஊர்விட்டு ஊர் போவதற்கு நம் மண்ணிலேயே இப்படி ஒரு முறை இருக்கிறது. கிளிக்கும் மாலைக்கும் பின்னால் கோயில் இருப்பதால் அந்தக் கைகள் தொடர்கின்றன. பளியரின் கைகளுக்குப் பின்னால் இருந்தது காடு.

அந்தக் காட்டின் நிலை என்ன? 1988இல் இது சாம்பல்நிற மலை அணில்களுக்கான சரணாலயமானது. 2021 பிப்ரவரியில் மேகமலையோடு சேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகமாகி, பரப்பு ஆயிரம் சதுர கிலோமீட்டரைத் தாண்டியது. அணிலும் புலியும் பிழைக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. ஆனால் காட்டில் வாழ்வோருக்கு உரிமை தரும் வனஉரிமைச் சட்டம் 2006இல் வந்த பிறகும், சென்னை உயர்நீதிமன்றத்தின் 2008 இடைக்கால உத்தரவால் தமிழ்நாட்டில் பட்டா வழங்குவது முடங்கிக் கிடந்தது. 2016இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. எட்டு ஆண்டுகள் என்பது ஒரு பிள்ளை பள்ளியில் சேர்ந்து நடுநிலை முடிக்கும் காலம். மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று தமிழ்நாட்டில் ஆறு சமூகங்களுக்குத் தனி ஏற்பு உண்டு: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். பளியர் அந்தப் பட்டியலில் இல்லை. தேன் எடுக்க மலையேறும் உரிமையைப் பேசாமல் தேனெடுக்கும் ஏணியைக் காட்டும் கண்காட்சி எனக்கு வேண்டாம்.

வேறுவிதமாகச் செய்ய முடியும் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு முன்மாதிரி இருக்கிறது. நடுப்பாலையின் மூத்தோர், ஏழு சகோதரிகள் என்ற தம் படைப்புக்கதையின் தடங்கள் இளையவர்களிடம் சேராமல் போய்விடுமோ என்று அஞ்சி, தாங்களாகவே தேசிய அருங்காட்சியகத்திடம் உதவி கேட்டார்கள். எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்பதை அவர்களே முடிவு செய்தார்கள். 2017இல் கான்பராவில் தொடங்கிய அந்தக் கண்காட்சி பிறகு பிளிமத், பெர்லின், பாரிஸ் நகரங்களுக்குப் போனது. காட்டக் கூடாதது என்ற எல்லை எவ்வளவு முக்கியம் என்பதை அந்த நாடு 1971க்குப் பிறகு பாபுன்யா என்ற தொல்குடிக் குடியிருப்பில் பட்டு அறிந்தது. அங்கே பலகையில் வரைந்த முதல் ஓவியங்களில் சடங்கு மறைபொருள்கள் வெளிப்பட்டுவிட்டன என்று அயல் சமூகத்தார் கொதித்தார்கள். பின்வந்த ஓவியங்களில் புள்ளிகள் பெருகி அவற்றை மூடின.

நம் ஊரில் தொடங்குவதானால், நான் தலைகீழாகத் தொடங்கச் சொல்வேன். இதுவரை எல்லாத் திட்டங்களிலும் பளியர் காட்டப்பட வேண்டியவர்களாகவே வருகிறார்கள். அவர்கள் பார்வையாளர்களாக வந்த கண்காட்சி எது? சாமி மக்களின் தையலையும் ஆலு குறும்பரின் படங்களையும் தோடரின் பூத்தையலையும் முதலில் இந்த அடிவாரத்துக்குக் கொண்டுவர வேண்டும். துணியும் தாளும் சுருட்டி எடுத்துவரக்கூடியவை, பெரும் செலவு இல்லை. சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா தம் வீட்டையே கொடுத்து உருவாக்கிய காந்தி கலை மன்றம் ராஜபாளையத்தில் இருக்கிறது. அதைவிடவும் பொருத்தமாகச் செண்பகத்தோப்பிலோ அய்யனார் கோயில் பக்கமோ ஒரு பள்ளிக்கூட அறை போதும். மந்தையைக் குறைக்கச் சொன்ன அரசையும் மண்டையோடுகளைக் கோத்த பெண்ணையும் பற்றி வனத்துறை வாயிற்கதவைத் தாண்டி நடக்கும் மக்களிடம் சொல்லிப் பார்க்க வேண்டும். அதைக் கேட்ட பிறகு தங்களுடையது எதையாவது வெளியே அனுப்ப வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றலாம். ஒன்றும் வேண்டாம் என்றும் தோன்றலாம். அனுப்புவதாக இருந்தால் ஒருவர் பெயரில் அல்லாமல் குடியிருப்பின் பெயரில் போகட்டும். போகிறவர்கள் தனியாகப் போகாமல் குடும்பமாகப் போய்வரட்டும். அந்த நாள்களுக்கு முழுக்கூலியும் திரும்பும் தேதியும் புறப்படும் முன்பே எழுத்தில் இருக்கட்டும். முதல் கண்காட்சிக்கான தேதியைக்கூட, தேன் எடுக்கும் மாதங்களில் விழாதபடி, அவர்களைக் கேட்டே குறிக்க வேண்டும்.